குறுகலான லோடிங் பேயில் ட்ரெய்லரைக் கோஸ்தான் (ரிவர்ஸ்) போடுவது எப்படி?

இ லைசென்சும் (கனரக வாகன உரிமம்) ஜிடிஎல்லும் (சரக்கு வாகனம் ஓட்டும் உரிமம்) கைக்கு வந்தாயிற்று. பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ வரை பெருஞ்சாலையில் ஓட்டப் பயமில்லை. ஆனால் பினாங்கின் பிறையில் ஒரு பழைய தொழிற்சாலையின் பின்பக்கம், சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் பேயில், இரண்டு லோரிகளுக்கு நடுவே இருக்கும் ஒரே காலி இடத்தை ஜாகா (காவலாளி) கைகாட்டும்போதுதான் வயிறு கலங்குகிறது. புதிதாக ஓட்ட வரும் நம் பிள்ளைகள் பலர் தயங்கும் இடம் இது. 40 அடிக் கண்டெய்னரோடு அதை இழுக்கும் தலையான பிரைம் மூவரையும் சேர்த்தால் ஏறக்குறைய 16 மீட்டர் நீளம். ரிவர்ஸ் கியர் போடுவதற்கு முன் செய்வதில்தான் பாதி வேலை முடிகிறது.

1. இறங்கிப் பாருங்கள்

வாசலில் பதிந்ததும் நேராகப் பேக்குப் போகாதீர்கள். ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நடந்து போய்ப் பாருங்கள். தரையில் கால்வாய் மூடி இருக்கிறதா? சுமை ஏற்றிய ட்ரெய்லரின் சக்கரம் ஏறினால் மெல்லிய மூடி உடைந்துவிடும். எதிர்ப்பக்கம் கார்கள் நிற்கின்றனவா? உங்கள் லோரியின் தலை திரும்ப இடம் வேண்டுமே. அப்புறம் அண்ணாந்து பாருங்கள். ஹைகியூப் (உயரமான வகை) கண்டெய்னர் மட்டுமே 2.9 மீட்டர் உயரம். ட்ரெய்லர் மேல் வைத்தால் 4 மீட்டரைத் தாண்டும். கூரை நீட்டல், விளக்கு, கேபிள் எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

பே பள்ளத்தில் இறங்கினால் கூடுதல் கவனம் தேவை. சரிவில் பின்சக்கரம் இறங்கும்போது கண்டெய்னரின் மேல்முனை சுவர்ப்பக்கம் சாயும். கீழே பேயின் சுவரில் இருக்கும் பம்பர் ரப்பரைத் தொடுவதற்கு முன்பே மேலே இடித்துவிடும்.

2. கதவை முன்கூட்டியே திறங்கள்

டோக்கில் (பேயின் சரக்கு மேடையில்) ஒட்டிய பிறகு கண்டெய்னர் கதவு திறக்காது. விசாலமான இடத்தில் நிறுத்தி, சரக்கைப் பெறுபவரின் ஆளைக் கூப்பிட்டு, கதவைப் பூட்டியிருக்கும் சீலின் எண்ணைக் காட்டிய பிறகே அதை உடையுங்கள். வலது கதவைத்தான் முதலில் திறக்க வேண்டும். ஒதுங்கி நின்று மெதுவாக இழுங்கள், சாய்ந்திருக்கும் பெட்டி மேலே விழலாம். இரண்டு கதவுகளையும் முழுக்கச் சுற்றிக் கொண்டுவந்து பக்கச் சுவரோடு கட்டிவிடுங்கள். கட்டாத கதவு பக்கத்து லோரியின் கண்ணாடியைத்தான் தேடிப் போகும்.

3. முன்னால் எடுத்து நிறுத்துவது

நமக்கு ஸ்டீரிங் வலப்பக்கம். அதனால் பேக்கள் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி வாருங்கள். உங்கள் பேயைத் தாண்டியதும் தலையை இடப்பக்கம் ஒடித்து முன்னேறி, பிறகு நேராக்குங்கள். இப்போது ட்ரெய்லரின் வால் பேயை நோக்கிச் சாய்வாக நிற்கும். ஜன்னல் வழியாகவே வலது பின்மூலை தெரியும். பேக்கள் இடப்பக்கம் இருந்தால் அந்த மூலை கண்ணுக்கே தெரியாது. வளாகத்தைச் சுற்றி மறுபக்கமாக வர வழியிருக்கிறதா என்று ஜாகாவிடம் கேளுங்கள். 5 நிமிடம் கூடப் போனாலும் பரவாயில்லை.

4. கோஸ்தான்

ரேடியோவை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, டபுள் சிக்னல் போடுங்கள். ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் தள்ளுங்கள். புதியவர்களுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. வலப்பக்க பேக்கு அடிக்கை வலப்பக்கம் போகும், அதாவது ஸ்டீரிங் இடப்பக்கம் சுற்றும்.

வால் பேக்குள் நுழையத் தொடங்கியதும் ஸ்டீரிங்கை மறுபக்கம் திருப்பி, தலையை ட்ரெய்லருக்கு நேராகக் கொண்டுவாருங்கள். இங்கே தாமதித்தால் தலையும் ட்ரெய்லரும் மடிந்துகொள்ளும். நேரானபின், எந்தக் கண்ணாடியில் ட்ரெய்லர் அதிகமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஸ்டீரிங்கைச் சிறிது திருப்பினால் போதும். வேகம் ஆள் நடப்பதைவிடக் குறைவாக இருக்கட்டும். கோணம் கெட்டுவிட்டால் முன்னால் எடுத்து மறுபடி வாருங்கள், தேவைப்பட்டால் இறங்கியும் பாருங்கள். யார் ஹார்ன் அடித்தாலும் அவசரப்பட வேண்டாம்.

கெலிண்டான் (லோரி உதவியாள்) இருந்தால் முன்பே பேசி வையுங்கள். "வாங்கண்ணே, வாங்கண்ணே" என்று பின்னால் நின்று கத்துவது இன்ஜின் சத்தத்தில் கேட்காது. கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நின்று கையால் காட்டட்டும். கை உயர்ந்தால் நிறுத்தம். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தாலும் அதே விநாடி நிறுத்தம். ட்ரெய்லருக்கும் சுவருக்கும் நடுவே யாரும் நிற்கவே கூடாது, சூப்பர்வைசராக இருந்தாலும் சரி.

5. ஒட்டிய பிறகு

ரப்பரை மெல்லத் தொட்டதும் பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கட்டையை அலட்சியம் செய்யாதீர்கள். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய் வரும் ஒவ்வொரு தடவையும் ட்ரெய்லரை இம்மி இம்மியாக முன்னால் தள்ளும். இடைவெளி பெரிதானால் ஃபோர்க்லிஃப்ட் ஆளோடு கீழே விழும். சில கிடங்குகளில் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

கிளம்பும்போது, உள்ளே ஆள் இல்லை, மேடையையும் ட்ரெய்லரையும் இணைக்கும் டோக் பலகை மடங்கிவிட்டது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கட்டையை எடுத்து, கதவு மூடும் அளவுக்கு முன்னால் வந்து நிறுத்திப் பூட்டுங்கள். சரக்கு ஏற்றியிருந்தால் புது சீல் எண்ணைச் சரக்குத் தாளோடு ஒப்பிட்டுவிட்டு வாசலுக்கு நகருங்கள்.