சின்ன அறைக்கு எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் என்பது மின்னேற்றிய (சார்ஜ் ஏற்றிய) மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி எழுப்பும் தட்டையான அல்லது வளைந்த பலகை; அதைத்தான் பேனல் என்கிறோம். ஒயரை மாற்றிக் கொடுப்பது போன்ற பிழைகள் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். இங்கே சொல்வதில் பெரும்பாலானவை வாங்கி வந்த பிறகு திருத்த முடியாதவை, அல்லது திருத்தப் பணம் கேட்பவை.

சுவரோடு ஒட்டி வைப்பது

பேனல் ஒல்லியாக இருப்பதால் வரும் வினை இது. பெட்டி இல்லாத ஸ்பீக்கர் என்பதால், முன்பக்கம் வருகிற அதே அளவு ஒலி பின்பக்கமும் போகிறது, தலைகீழான கட்டத்தில் (முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும்). அது பின்சுவரில் பட்டுத் திரும்பி முன் ஒலியோடு கலக்கும்போது சில அலைவரிசைகள் வீங்கும், சில காணாமல் போகும்.

கணக்கு எளிது. சுவருக்கும் பேனலுக்கும் 30 செ.மீ. இடைவெளி என்றால் பின்னொலி 60 செ.மீ. கூடுதலாகப் பயணிக்கிறது. 285 ஹெர்ட்ஸ் பக்கம் வீக்கம், 570 பக்கம் பள்ளம், அடி பேஸ் மெலிந்துவிடும். குரல் இருக்கும் இடமே இந்த 285, 570 பக்கம்தான். பாடுகிறவர் டப்பாவுக்குள் நின்று பாடுவதுபோல் கேட்கும். 1 மீட்டர் தள்ளினால் வீக்கம் 85-க்கும் முதல் பள்ளம் 170-க்கும் இறங்கிவிடும். பின்னொலியும் 6 மில்லிசெகண்ட் தாமதமாக வருவதால் காது அதை விசாலமாக எடுத்துக்கொள்கிறது. 30 செ.மீ.யில் அந்தத் தாமதம் 2 மில்லிசெகண்டுகூட இல்லை.

இதைப் புரிந்துகொள்ளாமல் முதலில் ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) மாற்றுகிறார்கள், அப்புறம் கேபிள், அப்புறம் சப்வூஃபர். கடைசியில் "பேனலில் பேஸே இல்லை" என்று பாதி விலைக்கு விற்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பின்சுவரில் ஒட்டும் 5 செ.மீ. ஃபோமும் 285 ஹெர்ட்ஸைப் பிடிக்காது. மேல் ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு, இருந்த உயிரையும் எடுத்துவிடும்.

வாங்கும் முன்பே பேனலின் அடிப்பாகம் அளவுக்குச் செய்தித்தாள் வெட்டித் தரையில் போடுங்கள். பின்னால் 1 மீட்டர், கேட்கும் நாற்காலி வரை 2 மீட்டர், நாற்காலிக்குப் பின்னால் அரை மீட்டர்: மொத்தம் 3.5 மீட்டர் நீளம் வேண்டும். நடக்க வழி இருக்கிறதா, கதவு திறக்கிறதா? இல்லையென்றால் நல்ல பெட்டி ஸ்பீக்கரே அந்த அறைக்குப் பொருத்தம். பக்கச் சுவரைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம்; பேனல் பக்கவாட்டில் மிகக் குறைவாகவே ஒலிக்கும்.

4 ஓம் என்ற எண்ணை நம்புவது

ஸ்பீக்கரின் விவரத்தாளில் போடும் 4 ஓம் என்பது அதன் மின்மறுப்பு, அதாவது ஆம்பிலிருந்து வரும் மின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு. ஆனால் பேனல் ஒரு பெரிய கெபாசிட்டர் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்). அலைவரிசை ஏற ஏற மின்மறுப்பு இறங்கும். 20,000 ஹெர்ட்ஸில் 1 ஓமுக்கும் கீழே போகும் மாடல்கள் உண்டு. வாட்டைப் பார்க்காமல், 2 ஓம் சுமையிலும் கெபாசிட்டர் சுமையிலும் நிலையாக நிற்கும் ஆம்பா என்று கேளுங்கள்.

டார்ச் அடித்துப் பார்க்காமல் கோணம் வைப்பது

பேனலை நாற்காலிப் பக்கம் எவ்வளவு திருப்புவது என்பதற்கு, வளைந்த பேனலுக்கு மட்டும்: நாற்காலியில் உட்கார்ந்து, டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடித்து அடியுங்கள். பேனலில் தெரியும் வெளிச்சப் புள்ளி உள்பக்க மூன்றில் ஒரு பங்கில் விழ வேண்டும். இரண்டு பேனலிலும் ஒரே இடத்தில்.

நான்கு பேருக்கு என்று வாங்குவது

தட்டைப் பேனலில் மேல் ஸ்தாயி ஒரு நாற்காலிக்குத்தான்.

பழைய பேனலைப் பத்து நிமிடம் கேட்டு வாங்குவது

சார்ஜ் ஏறவே நேரம் பிடிக்கும். மின்சாரம் கொடுத்துச் சில மணி நேரம் விட்டுவிட்டு, ஒரே மோனோ குரலை இரண்டிலும் மாறி மாறிக் கேளுங்கள். ஒன்று மங்கலாக இருந்தால் படலத்தின் பூச்சு போயிருக்கலாம். பாட்டை நிறுத்திய பிறகும் பொரிவதுபோல் சத்தம் வந்தால் தூசியிலோ ஈரத்திலோ மின்னழுத்தம் கசிகிறது. முதலாவதற்குப் பேனலையே மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.