ஒரே ஸ்டீரியோ மைக்கில் பஜனைக் குழுவைப் பதிவு செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தைப்பூசத்துக்கு முன்னால் இங்கே மொரிஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவிலில், ஸ்பீக்கர் எதுவும் இல்லாமல் பாடிய ஒரு பஜனைக் குழுவை இரண்டு பையன்கள் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஜால்ரா தட்டுபவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் மைக். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது, 15 வருடத்துக்கு முன்னால் நானும் அங்கேதான் வைத்தேன். பேட்டரி, மெமரி கார்டு பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

"அப்புறம் கம்ப்யூட்டரில் சரிசெய்துக்கலாம்"

இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும். ஆளுக்கொரு மைக் இருந்தால் ஒருவர் குரலை மட்டும் ஏற்றலாம், இறக்கலாம். ஸ்டீரியோ மைக்கில் எல்லாரும் இரண்டே ட்ராக்கில் கலந்துதான் விழுகிறார்கள். ஜால்ராவின் கூர்மையைக் குறைக்கப் போனால் 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கி, பாடுகிறவர் வாயில் துணி வைத்ததுபோல் ஆகிவிடும். 15 வருடத்துக்கு முன்னால் நான் பதிவு செய்த அன்று மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி, தன் அம்மாவிடம் கற்ற மெட்டில் திருப்புகழ் பாடினார். பதிவில் முன்னால் ஜால்ரா, எங்கோ பின்னால் பாட்டி. இரண்டு வாரம் மல்லாடிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குள் அவருக்குக் குரல் போய்விட்டது, அந்த மெட்டு முழுசாகத் தெரிந்தவர் குழுவில் வேறு யாரும் இல்லை.

"மாமா, கொஞ்சம் பின்னால உட்காருங்க" என்று ஜால்ரா தட்டியவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். அவ்வளவுதான் காரணம்.

சொல்லிவிடுங்கள். பாடுபவர்களை அரைவட்டமாக உட்காரவைத்து, மைக்கை அவர்கள் தலைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, ஒரு பாட்டை முழுசாகப் பாடச் சொல்லி, காதை மூடும் ஹெட்போனில் கேளுங்கள். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும்; கூடத்துக்குள் எதிரொலி சேர்வதால் அவ்வளவு குறையாது, ஆனாலும் மைக்கை ஒட்டி இருக்கும் ஜால்ராவை நாலடி தள்ளினால் வித்தியாசம் உடனே கேட்கும். மெல்லிய குரல்களை முன்னால் கூப்பிடுங்கள். மறுபடி பாடச் சொல்லிக் கேளுங்கள். அரை மணி நேரம் போகும், போகட்டும்.

ஆட்டோ லெவல்

ரெக்கார்டர் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும் வசதி இது. அணைத்துவிடுங்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே அமைதி வந்தால் போதும், ஃபேன் சத்தத்தைத் தூக்கிக் கொண்டுவந்துவிடும். ரெக்கார்டர் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கையால் வைத்து, ரெக்கார்டர் அமைப்பில் 24 பிட்டைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள்.

பின்சுவரில் மைக்

கூடத்தின் எதிரொலிதான் கிடைக்கும்.

தாள்

நம் பிள்ளைகளில் பலர் ரோமன் எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். திருப்பும்போது வரும் சரசரப்பு அப்படியே பதியும். பாட்டுக்கு ஒரு தாள், அதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் பாயில் விரித்து வைக்கட்டும்.

மழை

தைப்பூசம் வருவது புயல் காலத்தில். தகரக் கூரை என்றால் வானத்தைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.