சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? ஜும்மாவை முதலில் ஏற்பாடு செய்யுங்கள்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே சிம் கார்டு வாங்கிவிடுகிறார்கள், வங்கிக் கணக்குத் திறந்துவிடுகிறார்கள், லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றும் விசாரித்துவிடுகிறார்கள். ஜும்மா என்கிற வெள்ளிக்கிழமை மதியக் கூட்டுத்தொழுகையைப் பற்றி மட்டும் அன்று காலையில்தான் யோசிக்கிறார்கள். அதற்குள் நேரம் கடந்துவிடும். இங்கே வெள்ளி முழு வேலைநாள். கடையைப் பாதி சாத்திவிட்டு இரண்டு தெரு நடந்தால் பள்ளிவாசல் என்கிற ஊர் வசதி இங்கே கிடையாது. தெருவில் பாங்குச் சத்தமும் கேட்காது. பள்ளிகளின் ஒலிபெருக்கிகள் உள்பக்கம் நோக்கியே இருக்கும். வெளியே பாங்கு கேட்க வேண்டுமானால் வார்னா 94.2 வானொலிதான். முயிஸ் என்கிற சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் 'முஸ்லிம்.எஸ்ஜி' செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். தொழுகை நேரங்கள் அதில் இருக்கின்றன.

புதிதாக வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஜும்மாவுக்குப் போகும் பள்ளியை வீட்டை வைத்துத் தேடாதீர்கள், வேலையிடத்தை வைத்துத் தேடுங்கள். குடியிருப்பது உட்லண்ட்ஸ், வேலை ராஃபிள்ஸ் பிளேஸ் என்றால் உட்லண்ட்ஸ் பள்ளி உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பயன்படும். ராஃபிள்ஸ் பிளேஸில் யுஓபி கட்டடத்தின் நிலத்தடியில் மௌலானா முகம்மது அலி பள்ளி இருக்கிறது. மேலே வங்கிக் கோபுரங்கள், கீழே தொழுகைக்கூடம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் அல் அப்ரார் பள்ளி. குச்சுப்பள்ளி என்பது அதன் பழைய பெயர். நம்மவர்கள் குடிசை போட்டுத் தொழுத இடம் அது.

இன்னொரு விஷயம், தமிழ்க் குத்பா, அதாவது ஜும்மாவில் இமாம் ஆற்றும் உரை. வீட்டுவசதிக் கழகப் பேட்டைகளில் இருக்கும் பள்ளிகளில் பெரும்பாலும் மலாய் அல்லது ஆங்கிலம்தான். தமிழில் கேட்க வேண்டுமானால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா, டன்லப் ஸ்ட்ரீட்டில் அப்துல் கஃபூர், பென்கூலன் ஸ்ட்ரீட்டில் பென்கூலன் பள்ளி ஆகியவற்றுக்குப் போகலாம். ஜாமிஆவைக் கண்டுபிடிக்க வரைபடமே வேண்டாம். சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்து நடந்தால், அதே வரிசையில் சற்றுத் தள்ளிப் பச்சை முகப்பும் இரட்டை மினாராவும் தெரியும். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வியாபாரிகள், அன்சார் சாயிபு தலைமையில் 1826இல் தொடங்கிய பள்ளி. அப்துல் கஃபூர் பள்ளிக்கு ரோச்சோர், ஜாலான் புசார் நிலையங்கள் பக்கம். உள்ளே போகும்போது வாசலுக்கு மேலே கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். சூரியன் வடிவில் ஓர் அலங்காரம் இருக்கும். அதன் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் பெயர்களை அரபியில் எழுதியிருக்கிறார்கள்.

வாராவாரம் அங்கே போக முடியாவிட்டால் பரவாயில்லை. மாதம் ஒரு முறையாவது போய் வாருங்கள் என்பேன். குத்பா எல்லாப் பள்ளிகளிலும் பெரும்பாலும் முயிஸ் தயாரித்த ஒரே உரைதான். அதன் தமிழ் வடிவம் இணையத்திலும் கிடைக்கிறது, படித்துக்கொள்ளலாம். ஆனாலும் தாய்மொழியில் காதால் கேட்டால் மனதில் நிற்பது வேறு. வேலைப் பளுவும் தனிமையும் அழுத்துகிற முதல் ஆறு மாதத்தில் அதன் அருமை தெரியும்.

அடுத்தது நேரம். ஊரில் பன்னிரண்டரைக்கெல்லாம் பள்ளியில் இருந்து பழகியவர்களுக்கு இங்கே குழப்பம் வரும். 1982 ஜனவரி முதல் சிங்கப்பூரின் கடிகாரம் சூரியனை இன்னும் அதிகமாக முந்தி ஓடுகிறது. மலேசியாவோடு சேர்ந்து, கிரீன்விச் நேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்திய மண்டலத்துக்கு மாறிக்கொண்டார்கள். அதனால் லுஹர் என்கிற மதியத் தொழுகையின் நேரம் நுழைவதே ஒரு மணியை ஒட்டித்தான். நவம்பரில் ஒன்றுக்குப் பத்து நிமிடம் முன்னே, பிப்ரவரியில் ஒன்று இருபது வரை போகும். பெரும்பாலான அலுவலகங்களில் மதிய இடைவேளை பன்னிரண்டு முதல் ஒன்று வரை. இரண்டும் பொருந்தாது.

ஆகவே மேலாளரிடம் பேசுங்கள், அதுவும் முதல் வாரத்திலேயே. வெள்ளிக்கிழமை மட்டும் இடைவேளையை 12.45 முதல் 2.15 வரை மாற்றிக்கொள்ளலாமா, கூடுதலாக எடுக்கும் நேரத்தை மாலையில் ஈடு செய்கிறேன் என்று தெளிவாகக் கேளுங்கள். தயங்கித் தயங்கி, சொல்லாமல் நழுவிப் போய்விட்டு, பிறகு கேட்கும்போது மழுப்புவதுதான் பிரச்சினையில் முடியும். இந்த ஊரில் மலாய் ஊழியர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், ஜும்மா என்றால் என்னவென்று மேலாளர்களுக்கு விளக்கவே வேண்டாம். அலுவலகத்தில் ஒரு மலாய் சகோதரர் இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளி, எந்தக் குறுக்குவழி, எத்தனை மணிக்குக் கிளம்பினால் உள்ளே இடம் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருக்கும். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கிற தம்பிகளுக்கு இது இவ்வளவு சுலபமில்லை. போக முடியாத வாரத்தில் லுஹரை நான்கு ரக்அத்தாகத் தொழுதுகொள்ளுங்கள். ஆனால் கேட்காமலே விட்டுவிடாதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து தள மேற்பார்வையாளரிடம் கேட்டால், முறை வைத்தாவது அனுப்புகிற இடங்கள் உண்டு.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைப் பள்ளியில் செய்யுங்கள். அலுவலகக் கழிவறையின் கை கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவினால் தரை முழுக்கத் தண்ணீர் நிற்கும், அடுத்து வருபவர் வழுக்குவார், புகார் வரும். பள்ளியில் உட்கார்ந்து செய்ய வசதியான குழாய்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மணிக்கு அங்கே கூட்டம் மொய்க்கும் என்பதால் பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுவது நல்லது. செருப்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை உடுப்பே போதும், கைலியும் தொப்பியும் இல்லையே என்று யாரும் உங்களைப் பார்க்கப்போவதில்லை. குடை மட்டும் அவசியம். மதியத்தில் மழை கொட்டத் தொடங்கினால் நகரப் பள்ளிகளில் வெளிவரிசையில் நிற்பவர்கள் பாடு திண்டாட்டம்.

தொழுகை முறையில் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பொதுவாக ஷாஃபி மத்ஹபு, அதாவது ஷாஃபி சட்டப்பிரிவின் நடைமுறை. கீழக்கரை, காயல்பட்டினத்துக்காரர்களுக்கு எல்லாம் பழகியதுதான். ஹனஃபி வழக்கத்தில் வளர்ந்த ராவுத்தர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு சுபுஹு என்கிற அதிகாலைத் தொழுகை புதிதாக இருக்கும். இரண்டாவது ரக்அத்தில் ருகூவிலிருந்து (குனிந்த நிலையிலிருந்து) எழுந்ததும் இமாம் கையேந்திக் குனூத் என்கிற துஆவை ஓதுவார். வெள்ளிக்கிழமை சுபுஹில் குர்ஆனின் ஸஜ்தா அத்தியாயமும் ஓதுவது உண்டு. அப்போது ஓதிக்கொண்டிருக்கும்போதே தக்பீர் சொல்லி, ருகூவு செய்யாமல் நேராக ஸஜ்தாவுக்கு, அதாவது தரையில் நெற்றி வைக்கப் போய்விடுவார்கள். இது தெரியாமல் பின்வரிசையில் இருப்பவர்கள் தக்பீரைக் கேட்டு ருகூவுக்குக் குனிந்து நிற்பார்கள், முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் தரையில் இருப்பார்கள். முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் தடுமாற வேண்டாம். இரண்டுமே நம் மார்க்கத்தின் வழிகள்தான், இதை வைத்துப் பள்ளியில் வாதம் செய்யாதீர்கள்.

பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி. நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் பெண்களுக்கு இடமே இருக்காது. இங்கே பெரும்பாலான பள்ளிகளில் தனித் தொழுகைக்கூடமும் தனி ஒளு இடமும் உண்டு. கடைத்தெருவுக்கு வந்த இடத்தில் அஸரோ மஃரிபோ நேரமாகிவிட்டால் கவலையில்லாமல் போய்த் தொழலாம். ஜும்மா நேரத்தில் மட்டும் கூட்டத்தைப் பொறுத்து மாறலாம், பள்ளிக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழுது முடித்து வெளியே வரும்போது மணி இரண்டை நெருங்கும். ஊருக்கும் இங்குக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். அங்கே பதினொன்றரைகூட ஆகியிருக்காது, அத்தா அப்போதுதான் ஜும்மாவுக்குக் குளிக்கக் கிளம்புவார். வாரம் ஒரு போன் என்றால் இந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், எம்ஆர்டிக்கு நடக்கிற அந்தப் பத்து நிமிடம் போதும். வீட்டிலும் அந்த நேரத்தை எதிர்பார்த்திருப்பார்கள்.

சாப்பாட்டைத் தொழுகைக்கு முன்பே முடித்துவிடுவது உத்தமம். முடியாவிட்டால் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். கடையில் முயிஸின் ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடை தமிழில் பெயர் வைத்திருப்பதும், உள்ளே பிரியாணி இருப்பதும் ஹலாலுக்கு அடையாளமில்லை. நேரம் இருக்கிற வெள்ளியில் நார்த் பிரிட்ஜ் ரோட்டுக்குப் போய் 1908 முதல் நடக்கிற ஜம் ஜம் கடையில் முர்தபா சாப்பிட்டுப் பாருங்கள். எதிரே சுல்தான் பள்ளியின் தங்க நிறக் குவிமாடம் தெரியும்.

சம்பளச் சீட்டு வந்ததும் அதில் எம்பிஎம்எஃப் என்று ஒரு பிடித்தம் இருக்கலாம். பயப்பட வேண்டாம். முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து பள்ளிவாசல் கட்டவும் கல்வி உதவிக்கும் போகும் சிறு தொகை அது. 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி என்று தொடங்கியது. அந்தப் பணத்தில்தான் 1977இல் தோ பாயோவில் முஹாஜிரின் பள்ளி எழுந்தது. அடுக்குமாடிப் பேட்டைகளில் நீங்கள் பார்க்கிற பள்ளிகள் பலவும் இப்படி உழைப்பவர்கள் மாதாமாதம் கொடுத்த காசில் வந்தவைதான்.

கடைசியாக, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நாட்டில் பிற மதத்தைப் பழித்துப் பேசுவது குற்றம், பள்ளிக்குள் பேசினாலும் குற்றம்தான். 2017இல் இந்தியாவிலிருந்து வந்த இமாம் ஒருவர் ஜும்மாவில் யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிரான வாசகம் ஒன்றை ஓதினார் என்று 4,000 வெள்ளி அபராதம் விதித்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். மார்க்கம் சொல்லிக்கொடுப்பவர்களும் அதே 2017 முதல் கட்டாயம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அறையில் நாலு பேரைக் கூட்டிவைத்து யாராவது பயான் என்கிற மார்க்கச் சொற்பொழிவு நடத்தினால், பதிவு பெற்றவரா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் ஆவேசப் பேச்சுகளை இங்கே யாருக்கும் அனுப்பாதீர்கள். ஓதக் கற்றுக்கொள்ள வேண்டும், சந்தேகம் கேட்க வேண்டும் என்றால், ஜும்மா முடிந்து கூட்டம் கலைந்ததும் இமாமிடம் போய் ஸலாம் சொல்லுங்கள், எந்த ஊர் என்று சொல்லுங்கள். எந்த நாளில் எந்த வகுப்பு நடக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார்.