துப்பாக்கி உதைக்கிறது என்று உடனே கட்டையை அறுக்காதீர்கள்

மதுரை மாவட்டத்தில் பேரையூர், சாப்டூர், எழுமலை பக்கத்துப் பழைய சம்சாரி (விவசாயி) வீடுகள் சிலவற்றில் இன்னமும் இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. தாத்தா உரிமம் வாங்கியது அப்பா பெயருக்கு மாறி, இப்போது பேரன் கையில் இருக்கும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள், முடிந்ததும் போய் வாங்கி வருவார்கள். ஆயுத பூஜையன்று பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். அந்தப் பேரனுக்கு ஒரு நாள் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து, பறக்கவிடும் களிமண் தட்டைச் சுட ஆசை வரும். இருபது தோட்டா சுட்டு முடிப்பதற்குள் தோள் கன்றிப்போகும். வீட்டுக்கு வந்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "ரொம்ப உதைக்குது, கட்டையை வெட்டி ரப்பர் போடணும்." கட்டை என்பது தோளில் முட்டும் மரப்பகுதி; ரப்பர் என்பது அதன் அடிப்பக்கத்தில் திருகும் மெத்தை.

நானும் அப்படிச் சொன்னவன்தான். அப்பா ஐந்தடி பத்து அங்குலம், நான் ஐந்தடி ஐந்து. அவர் உயரத்துக்கு அமைந்த கட்டை எனக்கு ஏற்கெனவே நீளம். அதன்மேல் ஒரு அங்குல ரப்பர் பேடை, மரத்தில் துளியும் எடுக்காமல் அப்படியே திருகிவிட்டேன். துப்பாக்கி இன்னும் ஒரு அங்குலம் நீண்டதுதான் மிச்சம். தூக்கும்போது அக்குளில் மாட்டியது. தோள்குழியில் அமர வேண்டிய கட்டை புஜத்தில் போய் உட்கார்ந்தது. மேல்கை இரண்டு மாதம் கருநீலமாக இருந்தது. உதையைக் குறைக்கப் போட்ட ரப்பரே அடி விழும் இடத்தை மாற்றிவிட்டது.

அதனால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் தோட்டா, அடுத்து அளவு, அதற்குப் பிறகுதான் ரப்பர். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது.

தோட்டாவை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உதை பிறப்பதே அங்கேதான். முன்னால் போகும் ஈய ரவைக்கும் (சிறு குண்டுகள்) வெடிமருந்துக்கும் எவ்வளவு உந்தமோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கி வரும். மூன்றேகால் கிலோ துப்பாக்கியில் 28 கிராம் ரவை உள்ள சாதாரணத் தோட்டாவைச் சுட்டால் உதையின் ஆற்றல் ஏறக்குறைய 25 ஜூல். அதே துப்பாக்கியில் 36 கிராம் ரவையை அதிவேகமாகத் தள்ளும் தோட்டாவைப் போட்டால் அது இரு மடங்கை நெருங்கும். எந்த ரப்பரும் இந்த வித்தியாசத்தை விழுங்காது. உலகப் போட்டிகளில் டிராப், ஸ்கீட் என்னும் களிமண் தட்டுப் பிரிவுகளில் சுடுகிறவர்களே 24 கிராம் ரவையில்தான் தட்டை உடைக்கிறார்கள். பழகுகிறவருக்கு அதற்குமேல் எதற்கு? பெட்டியின் மேல் ரவையின் எடை அச்சிட்டிருக்கும். வாங்கும்போது அதைப் படியுங்கள்.

அடுத்து சொல்வது உதையோடு நிற்காத விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அமரும் அறையின் நீளம் 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று கிடைக்கும் தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு தோட்டாவின் வாய்மடிப்பு விரிந்த நிலையில் அளந்தது. சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. அதனால் சிறிய அறைக்குள்ளும் அது வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், குழலும் சரியாக மூடும். உள்ளே போகிறது, மூடுகிறது, அப்படியானால் சரிதான் என்று நம்பிவிடுவோம். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் எதிரே உள்ள குறுகலில் போய் நெரியும். அழுத்தம் ஏறும், உதையும் ஏறும். உங்கள் தாத்தா துப்பாக்கி மட்டும் ஏன் அப்படி உதைக்கிறது என்பதற்குப் பதில் இதுவாகவே இருக்கலாம். அறையின் நீளம் தெரிய, விவரம் தெரிந்தவரிடம் குழலைக் கழற்றி அதன் அடிப்பக்கத்து முத்திரைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குழலின் உடம்பில் பின்னலைப் போலக் கோடு ஓடினால் அது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்துச் செய்த பழைய டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். விவரம் தெரிந்தவர் சோதிக்கும்வரை அதில் இன்றைய தோட்டா எதையும் போடவே கூடாது. ஒரு விசையை அழுத்தும்போது இரண்டு குழலும் சேர்ந்து வெடித்தாலும் குற்றம் கட்டையில் இல்லை. உள்ளே விசையின் பிடி தேய்ந்திருக்கலாம், இல்லையென்றால் உதையில் உங்கள் விரலே பின்விசையில் பட்டிருக்கலாம். எதுவானாலும் அன்றோடு சுடுவதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

சரி, தோட்டா பொருந்துகிறது. இனி அளவு.

தையல்காரரிடம் போகும்போது அளவு சட்டை கொண்டுபோகிறோம். அப்பாவின் சட்டையை அளவு சட்டையாகக் கொடுக்க மாட்டோம். துப்பாக்கியில் மட்டும் அதைத்தான் செய்கிறோம். கட்டையின் நீளத்தை, இரண்டு விசைகளில் முன்னால் உள்ள முன்விசையின் நடுவிலிருந்து தோளில் படும் அடிப்பக்கத்தின் நடுவரை அளப்பார்கள். நடுத்தர உயரமுள்ள ஆணுக்கு 14 முதல் 14½ அங்குலம் என்பது பொதுவான கணக்கு. முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து, விரல் விசையைத் தொட்டால் சரி என்று பலர் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் கையின் நீளம் மட்டும்தான் தெரியும். கழுத்தின் நீளம், தோளின் அகலம், கன்னம், நிற்கும் வாகு எதுவுமே அதில் வராது. கட்டை குட்டையாக இருந்தால் சுடும்போது கட்டைவிரல் மூக்கில் இடிக்கும், விசைக்காப்பு நடுவிரலில் மோதும். நீளமாக இருந்தால் என் கதைதான். தோள் வலிக்கிறது என்று சட்டைக்குள் துண்டை மடித்து வைப்பவர்கள், தெரியாமலே அரை அங்குலம் நீளத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, குளிர்தேசத்தில் கம்பளிக் கோட்டு போட்டவருக்கு அமைத்த அளவு, சித்திரை வெயிலில் பருத்திச் சட்டையோடு நிற்பவருக்கு அப்படியே பொருந்தாது. எந்தச் சட்டையில் சுடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டே அளவு கொடுங்கள்.

நீளத்தைவிட அதிகம் படுத்துவது, கன்னம் படியும் மேல்விளிம்பின் உயரம். இதை யாரும் கவனிப்பதில்லை. இரட்டைக்குழலில் பின்குறி என்று ஒன்று கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. மேல்விளிம்பு தாழ்ந்திருந்தால், குழலைப் பார்க்க வேண்டித் தலையைத் தூக்குவீர்கள். கன்னத்துக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழும். துப்பாக்கி அந்த இடைவெளியைத் தாண்டி ஓடிவந்து கன்னத்தில் அறையும். பழைய துப்பாக்கிகளில் கட்டை பின்பக்கம் நன்றாக இறங்கியிருக்கும். அதனால் உதை நேராகப் பின்னுக்கு வராமல் குழலின் வாயை மேலே தூக்கிவிடும். தோளுக்கு ரப்பர் போட்டும் பல் அதிருகிறது என்று சொல்பவர்களின் தொந்தரவு பெரும்பாலும் இங்கேதான். மரத்தில் கை வைக்காமலே இதைச் சோதிக்கலாம். மெல்லிய தோல் பட்டையையோ அட்டையையோ மேல்விளிம்பில் டேப் போட்டு ஒட்டி, ஒவ்வொரு அடுக்காக ஏற்றிப் பாருங்கள். கிளப்பில் பெரிய காகிதத்தை நிறுத்தி 16 கஜ தூரத்திலிருந்து, குறிபார்த்து நிதானிக்காமல், தூக்கியவுடன் சுடுங்கள். நாலைந்து முறை சுட்டதில் ரவைக் கூட்டத்தின் நடு, குறிக்கு ஒரு அங்குலம் கீழே விழுந்தால் மேல்விளிம்பை அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், உயர்த்த வேண்டும். இரண்டு அங்குலம் என்றால் மூன்று மில்லிமீட்டர். இப்படி ஒட்டிக் கண்டுபிடித்த அளவை ஒரு மாதமாவது வைத்துச் சுட்டுப் பார்த்த பிறகு மரவேலைக்குப் போங்கள். எடுத்த மரம் திரும்ப வராது.

கட்டை பக்கவாட்டிலும் இலேசாக வளைந்திருக்கும். வலக்கைக்காரருக்கு வலப்பக்கம், இடக்கைக்காரருக்கு இடப்பக்கம். சூடான எண்ணெயோ வெப்ப விளக்கோ வைத்து இதை மாற்ற முடியும், ஆனால் அது கைதேர்ந்தவர் வேலை. கட்டையின் கழுத்தில், அதாவது கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில், பழைய கீறல் இருந்தால் அந்தச் சூட்டிலேயே முறியலாம். அடிப்பக்கத்தின் சாய்வையும் கேட்டுப் பாருங்கள். கீழ்முனை மட்டும் நெஞ்சில் குத்தினால் கோளாறு சாய்வில் இருக்கிறது. பெண்களுக்கு இது கூடுதலாகவே படுத்தும்.

இப்போது ரப்பர் போடலாம். ஒரு அங்குல பேட் போடுவதாக இருந்து, நீளம் ஏற்கெனவே சரியாக இருந்தால், ஒரு அங்குல மரத்தை எடுத்தாக வேண்டும். நீளம் அதிகம் என்றால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கால் அங்குலம் விட்டே அறுக்கச் சொல்லுங்கள். அறுக்கும் கோட்டின்மேல் டேப் சுற்றாவிட்டால் ஓரம் சிதறும். உள்ளே நீண்ட போல்ட் ஓடுகிறதா என்று பார்க்காமல் ரம்பத்தை வைக்கக் கூடாது. அறுத்த துண்டைத் தயவுசெய்து எறியாதீர்கள். நாளைக்கு உங்களைவிட உயரமான ஒருவர் கைக்குத் துப்பாக்கி போனால், அதே மர ஓட்டமுள்ள அந்தத் துண்டைத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். பிசுபிசுப்பான ரப்பர் சட்டையைப் பிடித்து இழுக்கும்; மேல் ஓரத்தை மட்டும் வழவழப்பாக்கி வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் ரப்பர் கல்லாக இறுகும் அல்லது இளகி ஒட்டும். அப்போது அதை மாற்றிவிடுங்கள்.

எடை கூடினால் உதை குறையும் என்பது உண்மை. மூன்றேகால் கிலோவில் 300 கிராம் கூட்டினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றல் குறையும். ஆனால் அத்தனை ஈயத்தையும் அடிக்கட்டைத் துளையில் கொட்டினால் பின்பாரம் ஏறி, குழல் இங்கும் அங்கும் அலையும். குழல் மடியும் கீலின் பக்கம் துப்பாக்கி சமநிலையில் நிற்க வேண்டும். குழலை வெட்டினால் கைக்கு அடங்கும், உதையும் அடங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எடை குறைந்தால் உதை கூடத்தான் செய்யும், சத்தமும் கூடும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதே குற்றம்.

அதே சட்டம் பழுதுபார்ப்பதையும் உரிமத்துக்குள் வைத்திருக்கிறது. நிலைக்கதவும் கட்டிலும் அருமையாக இழைக்கும் ஆசாரியாகவே இருந்தாலும், துப்பாக்கியை அவர் பட்டறையில் விட்டுவிட்டு வரக் கூடாது. அதற்கென்று உரிமம் உள்ள கடையில்தான் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு ரசீதும் வாங்க வேண்டும். சட்டம் போக, வேலைக் காரணமும் உண்டு. மரம் இரும்போடு சேரும் முகப்பு முழுக்கச் சமமாகப் பதிந்திருக்க வேண்டும். ஒரே புள்ளியில் முட்டினால் ஒவ்வொரு உதையும் அந்தப் புள்ளியில் ஆப்பு அடிப்பதுபோல் இறங்கி மரத்தைப் பிளக்கும். கழுத்தில் கீறல் கண்டால் ஆணி அடிப்பது, செம்புக் கம்பி சுற்றுவது இரண்டும் வேண்டாம். கீறலுக்குள் எண்ணெய் இறங்குவதற்கு முன் காட்டினால் நல்ல பசையும் உள்முளையும் போட்டுச் சேர்த்துவிடுவார்கள்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. குழலுக்கு எண்ணெய் விட்டு வாய் மேலே இருக்கும்படி பீரோவில் நிறுத்தினால், அது மெல்ல வடிந்து மரத்தின் முகப்பில் ஊறும். ஊறிய மரம் கறுத்து மெத்தென்று ஆகி, உதை தாங்காமல் விரியும். துடைத்த துப்பாக்கியை வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்ததும் துருவோடு சேர்த்து இந்த முகப்பையும் திருகுகளையும் பாருங்கள். கோடையில் மரம் சுருங்கித் திருகு தளரும், ஐப்பசி மழையில் மரம் உப்பும். பூஜைச் சந்தனத்தை ஈரத்தோடு கைப்பிடியின் கட்ட வரிகளில் காயவிடாமல் அன்றே துடைத்துவிடுங்கள்.

சுடும்போது காதடைப்பான் போடுங்கள். தோள் வலி என்று நினைப்பதில் பாதி, சத்தத்துக்குப் பயந்து உடம்பு முன்கூட்டியே விறைப்பதால் வருவது. துப்பாக்கியைத் தொளதொளவென்று பிடிக்காமல் கன்னத்தோடு சேர்த்துத் தோள்குழியில் இழுத்து வைத்து, எடையை முன்காலில் போடுங்கள். பின்னால் சாய்ந்து நின்றால் 24 கிராம் தோட்டாவும் தள்ளும்.

மரத்துக்கு மெருகேற்ற நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வேண்டாம். அவை இறுகாமல் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும். விரல்நுனியில் தொட்டு மெல்லிய பூச்சாகத் தேய்த்து, காய்ந்த பிறகு அடுத்த பூச்சு போடுங்கள். தேய்த்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.