வீடு மாறினால் போனுக்கும் சொல்லுங்கள்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இணையப் போன் பற்றி

ரொறன்ரோவுக்கு வந்து இறங்கும் நம்மவர்களில் பலருக்கு முதல் வீடு சொந்தக்காரர் ஒருவரின் பேஸ்மென்ட். அங்கே ஒரு வருடம், பிறகு அப்பார்ட்மென்ட், பிறகு ஏஜாக்ஸ் பக்கமோ பிராம்ப்டன் பக்கமோ சொந்த வீடு. ஐந்து வருடத்துக்குள் மூன்று நான்கு முகவரி மாறிவிடும். ஒவ்வொரு முறையும் வங்கிக்குச் சொல்கிறோம், ஹெல்த் கார்டுக்குச் சொல்கிறோம், ஓட்டுநர் உரிமத்துக்குச் சொல்கிறோம். போனுக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம். இணையப் போன் வைத்திருப்பவர்கள் முதலில் சொல்ல வேண்டியதே அதற்குத்தான்.

நான் ஸ்காபரோவில் ஒரு பிளாஸாவில் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். ரோல்ஸ், பற்றிஸ், வடை, விசேஷங்களுக்குச் சோறு கறி. ஓடர்களில் பெரும்பாதி போனில்தான் வரும். கடையிலும் வீட்டிலும் பல வருடமாக இணையப் போன்தான் வைத்திருக்கிறேன். மலிவு, நல்லது, தாராளமாக எடுக்கலாம். ஆனால் எடுக்கும் நாளில் கடைக்காரர் சொல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன.

கடைகளில் இதை ‘வொய்ப்’ என்பார்கள். நம் குரலைத் துண்டு துண்டாக்கி இணையத்தின் வழியே அனுப்பி, மறுமுனையில் சேர்த்துக் கேட்க வைப்பது. வீட்டுக்கு மூன்று விதமாக வரும். கேபிள் நிறுவனம் மோடத்தின் பின்னால் சொருகித் தரும் ஹோம் போன் ஒன்று. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அடாப்டர் ஒன்றை வாங்கி, ஒரு பக்கம் ரௌட்டரிலும் மறுபக்கம் சாதாரணப் போனிலும் சொருகுவது இன்னொன்று. செல்போனிலேயே ஒரு ஆப் மூலம் இரண்டாவது நம்பர் வைத்திருப்பது மூன்றாவது. பார்வைக்கு மூன்றும் ஒன்று போலத்தான். இங்கே அவசர உதவிக்கான நம்பர் 911. அதை அழைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

911 அழைத்தால் எந்த வீட்டுக்கு வருவார்கள்?

கேபிள் நிறுவனத்தின் ஹோம் போன் ஒரு வீட்டோடு கட்டப்பட்டது. 911 அடித்தால் உங்கள் முகவரி எதிர்முனையில் தானாகத் தெரியும். அடாப்டரும் ஆப்பும் அப்படியல்ல. பெட்டியைப் பையில் போட்டு மொன்றியலுக்கோ வன்கூவருக்கோ கொண்டுபோய்ச் சொருகினாலும் அதே ரொறன்ரோ நம்பர் வேலை செய்யும். வசதிதான். ஆனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. இப்படிப்பட்ட போனிலிருந்து 911 அழைத்தால் முதலில் இடையில் ஒரு அழைப்பு மையம் எடுக்கும். எங்கிருந்து அழைக்கிறீர்கள் என்று கேட்டு, அந்த ஊரின் 911க்கு மாற்றிவிடும். பேச முடியாமல் போனாலோ இணைப்பு அறுந்தாலோ அவர்கள் கையில் இருப்பது நீங்கள் பதிந்து வைத்த முகவரி ஒன்றுதான்.

கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி, இணையப் போன் நிறுவனங்கள் 911 சேவை கொடுத்தே ஆகவேண்டும் என்று 2005இல் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் 2008இல் கல்கரியில் நடந்ததை இங்கே பலரும் இன்னும் மறக்கவில்லை. ஒரு குடும்பம் மிசிசாகாவிலிருந்து கல்கரிக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஆபத்து. வீட்டு இணையப் போனில் 911 அழைத்தார்கள். அம்புலன்ஸ் போனது மிசிசாகாவில் இருந்த பழைய வீட்டுக்கு. இரண்டு ஊருக்கும் இடையே சாலையில் 3,000 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து மறுபடி அழைத்த பிறகே உதவி வந்தது. குழந்தை பிழைக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, உங்கள் கணக்குக்குள் போய் ஒரு வரியை மாற்ற ஐந்து நிமிடம்தான் ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வரியை எழுதுவதிலும் கவனம் வேண்டும். பேஸ்மென்டில் இருப்பவர்கள் வீட்டு இலக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மேல்வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தால் அம்புலன்ஸ்காரர் முன்கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். யூனிட் என்று கேட்கும் இடத்தில் ‘பேஸ்மென்ட், பக்கவாசல்’ என்று ஆங்கிலத்தில் சேருங்கள். அப்பார்ட்மென்ட் என்றால் கதவிலக்கமும், கீழ்வாசலில் உங்களை அழைக்க அழுத்தும் பஸர் இலக்கமும். பதிவானதா என்று பார்ப்பதற்காக 911 அழைக்காதீர்கள். சில நிறுவனங்களில் 933 அழைத்தால் பதிவில் உள்ள முகவரியை வாசித்துக் காட்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவையில் கேட்கலாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, மாமியிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். ஆங்கிலம் வராவிட்டாலும் 911இல் ‘தமிழ்’ என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இணைக்கும்வரை போனை வைக்கக்கூடாது.

மின்சாரம் போனால்

பழைய செப்புக் கம்பிப் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். வீடு இருட்டாக இருந்தாலும் போன் பேசும். இணையப் போனுக்கு மோடம், ரௌட்டர், அடாப்டர் மூன்றும் எரிய வேண்டும். 2013 கிறிஸ்மஸ் நேரத்து உறைபனி மழையில் ரொறன்ரோவில் சில வீடுகள் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கி மோடத்தையும் பெட்டியையும் அதில் சொருகுங்கள். நாட்கணக்கில் தாங்காது, ஆனால் உதவிக்கு அழைக்க நேரம் தரும்.

மின்சாரம் இருந்தும் இணையம் சாகலாம். 2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. ஒரு பெரிய நிறுவனத்தின் வலையமைப்பு நாடு முழுக்க விழுந்தது. என் கடையில் போன் இல்லை, டெபிட் மெஷின் இல்லை, என் செல்போனும் அதே நிறுவனத்துடையது என்பதால் அதுவும் இல்லை. மறுநாளைக்கு எடுத்திருந்த ஓடர்காரர்களைக் கூப்பிட வழியில்லாமல் நின்றேன். அன்றிலிருந்து வீட்டு இணையம் ஒரு நிறுவனம், குடும்பத்தில் ஒரு செல்போனாவது வேறு நிறுவனம் என்று வைத்திருக்கிறேன். ஒன்றைக் கவனியுங்கள்: மலிவு விலைப் பெயர்கள் பல, பெரிய நிறுவனங்களின் வலையமைப்பிலேயே ஓடுகின்றன. பெயர் வேறு என்பதால் கம்பி வேறு என்று நினைக்காதீர்கள்.

நூற்றைம்பதா, ஐம்பதா?

ஒரு சனிக்கிழமை மாலை ஒரு அம்மா பிறந்தநாள் விழாவுக்கு ரோல்ஸ் எடுக்க வந்தார். நாங்கள் ஐம்பது கட்டி வைத்திருந்தோம். அவர் சொன்னது நூற்றைம்பது. போனில் ‘நூற்’ மட்டும் விழுந்துபோய் எங்களுக்கு ‘ஐம்பது’ என்று கேட்டிருக்கிறது. அவர் முகத்தை மறக்க முடியாது. இருந்ததையெல்லாம் பொரித்துக் கொடுத்தோம், இருந்தும் போதவில்லை.

அன்றிரவு காரணத்தைத் தேடினோம். இணைய வேகம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 100 கிலோபிட் வேகம் போதும். இன்றைய இணைப்புகளுக்கு அது ஒன்றுமே இல்லை. பிரச்சினை, விளம்பரத்தில் பெரிதாகப் போடும் வேகம் நம் பக்கம் வருகிற வேகம். நாம் அனுப்புகிற வேகம், அதாவது அப்லோட், கேபிள் இணைப்புகளில் பெரும்பாலும் மிகக் குறைவு. எங்கள் கடையின் நான்கு கண்காணிப்புக் கேமராவும் படத்தை இரவு பகலாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தன. அதோடு ரௌட்டர் முன்பக்கம், போன் பெட்டி பின்பக்கம், இரண்டுக்கும் நடுவே இரும்புக் குளிர்பெட்டி, எல்லாம் வைஃபையில். வீடியோ கொஞ்சம் நின்று வந்தால் யாருக்கும் நட்டமில்லை. குரலின் துண்டு தாமதமாக வந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். அப்படி எறிபட்டதுதான் எங்கள் ‘நூற்’.

செய்தது மூன்றுதான். பெட்டியை நெட்வேர்க் கேபிளால் நேரே ரௌட்டரில் மாட்டினோம். ரௌட்டர் அமைப்பில் போன் பெட்டிக்கு முன்னுரிமை கொடுத்தோம். கேமராவின் படத் தரத்தை ஒரு படி இறக்கினோம். அதற்குப் பிறகு சத்தம் கண்ணாடி மாதிரி.

நீங்களும் வீட்டில் சோதிக்கலாம். பிள்ளைகள் எல்லோரும் வீடியோ பார்க்கிற நேரமாகப் பார்த்து ஒருவரை அழைத்து, ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் எண்ணுங்கள், அவர் கேட்கட்டும். இரண்டு பக்கமும் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் விழுங்குவது பெரும்பாலும் நம் குரலைத்தான், அது நமக்குக் கேட்காது. வியாபாரம் செய்பவர்கள் ஓடரைத் திருப்பிச் சொல்லி, ‘ஒன்று ஐந்து பூச்சியம்’ என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லி, ஒரு டெக்ஸ்டும் அனுப்பிவிடுங்கள்.

அப்பார்ட்மென்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கீழே வாசலில் விருந்தாளி பஸர் அழுத்தினால் உங்கள் போன் அடிக்கும். 9 அழுத்தினால் கதவு திறக்கும், சில கட்டடங்களில் வேறு இலக்கம். சில இணையப் போன்களில் எவ்வளவு அழுத்தினாலும் திறக்காது. அந்த ‘பீப்’ ஒலி குரலோடு சேர்ந்து நசுங்கிப்போவதுதான் காரணம். நிறுவனத்தைக் கூப்பிட்டு டிடிஎம்எஃப் அமைப்பை மாற்றச் சொன்னால் சரியாகும். அந்தப் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு உடனே புரியும்.

நம்பர் யார் பெயரில்?

நம் கடைகள் வருடப் பிறப்புக்குக் கலண்டர் அடித்துக் கொடுக்கின்றன. அது வருடம் முழுக்கப் பல வீட்டுக் குசினிகளில் தொங்கும். அதில் உள்ள நம்பர்தான் கடையின் உண்மையான சொத்து. அந்த நம்பரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லில் எடுங்கள். இணையம் பொருத்த வந்த பையன் தன் கணக்கிலேயே திறந்து தந்த நம்பரை, அவர் வேறு ஊருக்குப் போன பிறகு மீட்க ஒரு சலூன்காரர் மாதக்கணக்கில் அலைந்ததைக் கண்டிருக்கிறேன்.

நிறுவனம் மாறும்போது நம்பரைக் கூடவே கொண்டுபோகலாம். போர்ட் பண்ணுவது என்பார்கள். விதி ஒன்றுதான்: நம்பர் புதிய இடத்துக்கு வந்து சேரும்வரை பழைய சேவையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நம்பர் போய்விடலாம். நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் பெயர். பழைய பில்லில் தகப்பன் பெயர் முன்னால், புதிய விண்ணப்பத்தில் பின்னால். அல்லது சிவசுப்ரமணியத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் கூட. பெயர் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் பிழையாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

வங்கிக்கும் அரசாங்கக் கணக்குகளுக்கும் செல்போன் நம்பரையே கொடுங்கள். பல இடங்கள் இணையப் போன் நம்பருக்கு உறுதிக் குறியீடு அனுப்புவதில்லை.

இரவில் நடக்கும் திருட்டு

கடைக்கு இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன் வைத்து எடுப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். உங்கள் போன் கணக்கின் கடவுச்சொல் எளிதாக இருந்தால், உலகத்தின் எங்கோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் அதற்குள் நுழைந்து, கட்டணம் அதிகமான நாடுகளுக்கு இரவு முழுக்க அழைப்பு விடுவார். பெரும்பாலும் நீண்ட வாரவிடுமுறையில்தான். பில் உங்களுக்கு வரும். கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள். வெளிநாட்டு அழைப்பை மூடிவிடுங்கள், அல்லது தேவையான நாடுகளை மட்டும் திறந்து நாளுக்கு இவ்வளவு என்று எல்லை போடுங்கள். முற்பணம் கட்டும் கணக்கில் தானாகப் பணம் நிரப்பும் வசதியை நிறுத்திவிடுங்கள். போனால் மிச்சம் இருப்பது மட்டும் போகட்டும்.

ஒரு முறை அடித்து நின்றுவிடும் தெரியாத நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடாதீர்கள். 876 ஜமெய்க்கா, 809 டொமினிக்கன் குடியரசு. பார்க்க உள்ளூர் நம்பர் போலவே பத்து இலக்கம், கட்டணமோ வெளிநாட்டுக் கட்டணம். திரையில் தெரியும் பெயரையும் நம்பாதீர்கள். அதை மாற்றிக் காட்டுவது இணையப் போனில் சுலபம். வரித் திணைக்களத்திலிருந்து பேசுகிறோம், இப்போதே பணம் கட்டாவிட்டால் கைது என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். புதிதாக வந்தவர்கள்தான் இதில் அதிகம் பயந்துபோகிறார்கள்.

ஊருக்குப் பேச

யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ வாட்ஸ்அப், வைபர் இருக்கும்போது இதற்கெனக் காசு கட்ட வேண்டாம். துபாயில் இருக்கும் தம்பிக்கு மட்டும் வாட்ஸ்அப் அழைப்பு போகாது. அங்கே அனுமதிக்கப்பட்ட போட்டிம் போன்ற ஆப் வேண்டும். செல்போன் பழகாத பெரியவர்களின் வீட்டு லைனுக்கு அழைக்க இணையப் போனில் 011 போட்டு, இலங்கைக்கு 94, இந்தியாவுக்கு 91. நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை. இங்கே இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து அழைத்தால் அங்கே காலை, அம்மா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். நன்றாகப் பேசலாம்.

வைத்துவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் இப்போது இருக்கும் முகவரியை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி, போனுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். அடுத்த வீட்டுக்குப் போகும்போது அந்தத் தாளைக் கிழிக்கிற அன்றே கணக்கிலும் முகவரியை மாற்றிவிடுங்கள்.