மூளை ரத்தக்கசிவுக்குப் பிறகு வரும் குழப்பம்: வீட்டில் என்ன செய்யலாம்

தஞ்சாவூரில் சிகிச்சை முடிந்து அப்பாவை மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு அழைத்து வந்தபிறகு நாங்கள் செய்ததை எழுதுகிறேன். மாத்திரை, ரத்த அழுத்தம் எல்லாம் டாக்டர் சொன்னபடிதான்.

முதலில் அறை. ஜன்னல் ஓரம் கட்டில், பெரிய எண் போட்ட முள் கடிகாரம், கிழிக்கிற தினசரி காலண்டர். செல்போனில் தேதி காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல், படுத்தபடியே கண்ணில் படும். மூக்குக்கண்ணாடி, காது மிஷின் இருந்தால் காலையிலேயே போட்டுவிடுங்கள். ராத்திரி சத்தமில்லாமல் தூங்க விடுங்கள்.

அடுத்து பேச்சு, எங்களுக்கு அதிகம் சிக்கலானது இதுதான். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கட்டில் பக்கத்தில் நின்று "மாமா, நான் யாரு, தெரியுதா?" என்று கேட்பார்கள், பாசத்தில்தான், ஆனால் பதில் வராதபோது அப்பாவின் முகம் சுருங்கிவிடும், கோபம் வரும், கையை உதறுவார். கேட்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள்: "அப்பா, நான் உங்க பெரிய பொண்ணு. காலையில பத்து மணி ஆவுது. நம்ம வீட்லதான் இருக்கோம்." வருகிறவர்களிடம் வாசலிலேயே இதைச் சொல்லி அனுப்புங்கள், ஒரு நேரத்தில் ஒருவர் போதும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், அப்பா மாசி மாசத்தில் "தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "அறுப்பு முடிஞ்சிடுச்சுப்பா, தண்ணி இனிமே ஜூன்லதான்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு விதைநெல் பேச்சுக்குப் போய்விடுவோம். வாதாடினால் குழப்பம்தான் கூடும்.

சாப்பாடு கொடுக்கும் முன் நன்றாக விழித்திருக்கிறாரா என்று பாருங்கள். அரைத்தூக்கத்தில் ஊட்டினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். விழுங்குவதை மருத்துவமனையில் சோதித்துவிட்டு, எதைக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர், காபி மாதிரி நீர்த்தவைதான் பலருக்குப் புரையேறும், அதனால் எங்கள் வீட்டில் ரசஞ்சாதத்தை நிறுத்திவிட்டுக் குழைந்த பருப்புசாதம் கொடுத்தோம். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள், சாப்பிட்டபிறகும் அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: "பகல் முழுக்கத் தூங்குறாங்க, தொந்தரவே இல்லை" என்று கருத்தில் சிலர் எழுதியிருந்தீர்கள். அதை நல்லது என்று விட்டுவிடாதீர்கள். கத்துவது மாதிரியே, அடங்கிக் கிடப்பதும் குழப்பத்தின் இன்னொரு வடிவம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் குறைவது, புது மாத்திரை, இதில் எதுவும் காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். எழுப்பியும் சரியாக முழிக்கவில்லை, திடீரென்று தலைவலியோடு வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் விழுந்தது என்றால் காத்திருக்கவே வேண்டாம், உடனே 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து, டிஸ்சார்ஜ் சீட்டோடும் மாத்திரைகளோடும் எடுத்துக்கொண்டு போங்கள்.