குடிநீரில் கரைப்பான் கலந்திருக்கிறதா? சோதனை கெடுவது பெரும்பாலும் குப்பியில்தான்

குழாய்த் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தால் நிறையப் பேர் முதலில் டிடிஎஸ் மீட்டரைத்தான் கையில் எடுக்கிறார்கள். அது கரைந்திருக்கும் உப்புகளைத்தான் காட்டும். உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீனோ, உலர்சலவைக் கடைகளில் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீனோ எவ்வளவு கலந்திருந்தாலும் மீட்டர் அசையாது. மூக்கையும் நம்ப வேண்டாம். டிரைகுளோரோஎத்திலீன் வாசம் தெரிய லிட்டருக்கு ஏறக்குறைய 300 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வழிகாட்டு அளவோ வெறும் 8.

ஆகவே லேப்தான் ஒரே வழி. "தண்ணீர் டெஸ்ட் செய்யணும்" என்று மட்டும் சொன்னால் கடினத்தன்மை, குளோரைடு, கிருமி என்று வழக்கமான பட்டியலைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், அதாவது விஓசி, வேண்டும் என்று கேளுங்கள். கலவையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் பிரித்து இனம்காணும் கேஸ் குரோமட்டோகிராபி, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவி இருக்கிறதா, எவ்வளவு குறைந்த அளவு வரை கண்டுபிடிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவில் சட்ட வரம்பே லிட்டருக்கு 5 மைக்ரோகிராமாக இருக்கும்போது 10க்குக் கீழே எதுவும் தெரியாத லேபுக்குக் கொடுப்பது காசுக்குக் கேடு. பட்டியலில் வினைல் குளோரைடு கட்டாயம் இருக்கட்டும். நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் இந்தக் கரைப்பான்களைப் படிப்படியாகச் சிதைக்கும்போது அது உருவாகிறது, மூலப்பொருளைவிட மோசமானது. 1,4-டையாக்சேன் என்ற இன்னொரு கரைப்பான் மேல் சந்தேகம் இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். தண்ணீரோடு முழுதாகக் கலந்துவிடுவதால் வழக்கமான விஓசி சோதனையில் அது சரியாகச் சிக்காது.

அப்புறம் மாதிரி எடுப்பது. இதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும், ஏனென்றால் இந்தப் பொருள்கள் காற்றுப் பட்டாலே ஓடிவிடும். கவனக்குறைவாகப் பிடித்த தண்ணீர் லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் சுத்தமாகிவிடும், அறிக்கையில் 'இல்லை' என்று வரும், நீங்களும் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் கூடவே கூடாது. லேபே தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பி, மூடிக்குள் டெஃப்லான் பூசிய வட்டு, இதுதான் வேண்டும். உள்ளே கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலப் பொடி இருக்கலாம், குளோரினை முறிக்கப் போட்டது; அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள்.

குழாய் முனையில் வலை இருந்தால் கழற்றிவிடுங்கள், அது காற்றைக் கலக்கும். தண்ணீரின் குளிர்ச்சி ஒரே சீராகும் வரை ஓடவிட்டு, பிறகு பென்சில் பருமனுக்குக் குறையுங்கள். குப்பியைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் உள்சுவரை ஒட்டி இறங்குமாறு, நுரை எழாமல் நிரப்புங்கள். லேப் அமிலம் கொடுத்திருந்தால் கழுத்து வரை வந்ததும் அவர்கள் சொன்ன சொட்டுகளை விடுங்கள். வாய் விளிம்புக்கு மேல் தண்ணீர் மேடாக எழும்பி நிற்கும்போது மூடியைப் போட்டு இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பாருங்கள். காற்றுக் குமிழி மேலே ஏறினால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டு வேறொன்றில் பிடியுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று குப்பிகள் எடுப்பது நல்லது. அந்தப் பக்கம் பெயின்ட், பெட்ரோல், நெயில் பாலிஷ் எதுவும் இருக்கக்கூடாது. லேபிலேயே நல்ல தண்ணீர் நிரப்பித் தரும் ஒப்பீட்டுக் குப்பி ஒன்றையும் திறக்காமல் கூடவே கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். அதிலும் கரைப்பான் தெரிந்தால் கோளாறு வழியில் நடந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஐஸில் வைத்து, முடிந்தால் அன்றைக்கே கொடுங்கள். அமிலம் சேர்த்து 4 டிகிரியில் வைத்திருந்தால் 14 நாள் வரை தாங்கும்.

ஒரு தடவை 'இல்லை' என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் ராணுவத் தளத்தில் குடிநீருக்குப் பல கிணறுகளை மாற்றி மாற்றி ஓட்டினார்கள், அவற்றில் சில மாசுபட்டிருந்தன, அதனால் எந்தக் கிணறு ஓடுகிறதோ அதற்கேற்ப கரைப்பான் அளவு ஏறி இறங்கியது. 1982 மே மாதம் அங்கே குழாய்த் தண்ணீரில் டிரைகுளோரோஎத்திலீன் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் இருந்தது. மாசுபட்ட கிணறுகளை மூட 1984 கடைசியும் 1985 தொடக்கமும் ஆகிவிட்டன. ஆகவே வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம் எடுங்கள், எந்தக் கிணறு ஓடுகிறது என்று விநியோகிப்பவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

அறிக்கையில் அலகைப் பாருங்கள், மில்லிகிராமா மைக்ரோகிராமா என்பதில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அமெரிக்காவில் டிரைகுளோரோஎத்திலீனுக்கும் டெட்ராகுளோரோஎத்திலீனுக்கும் வரம்பு லிட்டருக்குத் தலா 5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டும் சேர்ந்தே 10. குளோரோஃபார்ம் கொஞ்சம் தெரிந்தால் பதறாதீர்கள், குளோரின் போட்ட தண்ணீரில் அது தானாக உண்டாவதுதான்.

அளவு கூடுதலாக வந்தால் உடனே மறுமாதிரி எடுத்து, இரண்டு அறிக்கையையும் சேர்த்து எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் தனி முடிவு கேளுங்கள், கலந்த தண்ணீரில் மோசமான கிணறு மறைந்துபோகும். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர். காய்ச்சிக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஆவியாகும் கரைப்பான் வீட்டுக் காற்றில்தான் சேரும். வெந்நீர்க் குளியலுக்கும் இதே கதைதான். சீக்கிரம் முடியுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.